சனிக்கிழமைச் சூப்பு

குடியை விட்ட ஆள் என்று நேசையனைப் பற்றி நேமத்துச் சபையில் நாலு பேர் சொல்வார்கள். காதில் விழாத மாதிரி அவர் போய்விடுவார். ஆனால் அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு என்ன இருந்தது? ஐந்தாம் வகுப்போடு தீர்ந்த படிப்பு. பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டின தமிழ்க் குடும்பம். பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் ஆறுமுகநயினாரின் மொத்தக் கடையில் தராசடியில் நின்று, வத்தலும் மல்லியும் புளியும் நிறுத்தே தலை நரைத்துப்போனது. நேமத்தில் ஓட்டு வீடு ஒன்று. அதில் அவரும் மனைவி சுசீலாபாயும். ஒரே மகள் ஜினியை நெய்யாற்றின்கரையில் கட்டிக் கொடுத்தாயிற்று. இதில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிற ஒரே காரியம், பன்னிரண்டு வருஷமாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்பதுதான்.

அதற்கு முன்னால் குடித்தார். நன்றாகவே குடித்தார். ஜினிக்குச் சபையில் திடப்படுத்தல் சடங்கு நடந்த அன்று காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய், போதகர் பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் சரிந்து விழுந்தார். வெள்ளை உடுப்பும் முக்காடுமாக முட்டுக்குத்தி இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு அழுதது. அன்று சுசீலாபாய் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் போதை தெளிந்து அவர் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தபோது சொன்னாள்.

"இனி ஒருக்க அந்த நாத்தம் உங்களுக்க வாயில இருந்து வந்தா நான் இறங்கிப் போயிருவேன். பின்ன வரமாட்டேன். எனக்க தம்பிக்கு நான் செய்தது போதும்."

தம்பி என்றால் ஞானதாஸ். கட்டிட வேலைக்காரன், பெருங்குடிகாரன். கட்டியவள் விட்டுப் போன பிறகு அக்காவே கதி என்று இந்த வீட்டு முன்னறையில் வந்து விழுந்தான். கால் பெருவிரல் செவ்வாழைப் பழம்போல வீங்கி, பிறகு முட்டு வீங்கி, பிறகு முகம் வீங்கி, மூத்திரம் நின்று செத்தான். அந்த ஏழெட்டு மாதமும் அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினது சுசீலாபாய்தான். அந்தச் சாவைக் கண்ணால் பார்த்திருந்ததால், அவள் சொன்ன வார்த்தை வெறும் வார்த்தை இல்லை என்று நேசையனுக்குத் தெரியும். அன்றோடு விட்டார்.

விட்டாரே ஒழிய, சாயங்காலம் கடை எடுத்துவைக்கிற நேரம் வந்தால் நாக்கு சும்மா இருக்குமா? அது ஒன்றைக் கேட்டது. அதற்கு அவர் நன்னாரி சர்பத்தைக் கொடுத்தார். கடைக்கு மூன்று சந்து தள்ளி ஒரு பெட்டிக்கடை. அங்கே நின்று, பாகு இரட்டிப்பாக ஊற்றச் சொல்லி, பெரிய தம்ளர் நிறைய இரண்டு அடிப்பார். பிறகுதான் பஸ் ஏறுவார். அந்தச் சந்தில்தான் மதுக்கடையும் இருந்தது. அதன் வரிசை சர்பத்துக் கடையை உரசிக்கொண்டு நிற்கும். வரிசையில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டே சர்பத் குடிப்பதில் அவருக்கு ஒரு சுகம் உண்டு. நான் அதில் இல்லை பார் என்கிற சுகம். ஆனால் அந்தச் சந்தின் பேரைக்கூட வீட்டில் எடுத்ததில்லை. எடுத்தால் வேறு அர்த்தம் வரும் என்று பயம்.

அறுபது தாண்டியதும் ரத்த அழுத்தம் வந்தது. சுகாதார நிலையத்தில் இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று மூத்திரம் போக்குகிற மாத்திரை. தராசடியில் நின்றுகொண்டு அடிக்கடி ஒதுங்க முடியுமா? அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் கால் வலி தொடங்கியது. நாள் முழுக்க நிற்கிற கால் வலிக்காதா என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

சுசீலாபாய் அங்கன்வாடியில் ஆயா. சனிக்கிழமை அவளுக்கு மத்தியானத்தோடு வேலை தீரும். நேரே சந்தைக்குப் போவாள். இறைச்சிக் கடையில் ஆட்டுக்கால் வாங்கி, அங்கேயே மயிர் பொசுக்கி வெட்டி வாங்கி வருவாள். வீட்டில் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெளுப்பாக்குவாள். நல்லமிளகு, சீரகம், பூண்டு, சின்ன உள்ளி எல்லாம் நசுக்கிப் போட்டு, எலும்புக்குள்ளே இருக்கிற நெய் மேலே மிதக்கிறவரைக்கும் வேகவிடுவாள். அவர் வந்து சட்டையைக் கழற்றும் முன்னால் கையில் தம்ளர் வந்துவிடும்.

"சூட்டோட குடியுங்க. கால் வலிக்கு இதவிட மருந்து கெடையாது."

"ஆட்டுக்க கால் நாலும் எனக்க வயித்துல. இனி நான் ஓடத்தான் செய்வேன்."

"ஓடுங்க. ஓடி மாசக் கடைசிக்கு அரிசி வாங்கிட்டு வாருங்க."

சம்பாத்தியம் குறைந்த வீட்டில் வாரம் ஒரு ஆட்டுக்கால் என்பது சின்னக் காரியம் இல்லை. அவள் தன் பங்குக்கு மீனைக்கூடக் குறைத்துக்கொண்டுதான் அதை வாங்கினாள். அது நேசையனுக்குத் தெரியும். அதனால் எலும்பைத் தட்டிக் கடைசி மஜ்ஜைவரைக்கும் உறிஞ்சுவார்.

முதல் பெருவலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம். வலது கால் பெருவிரலை யாரோ குறட்டால் பிடித்துத் திருகுகிற மாதிரி இருந்தது. போர்வை பட்டால் உயிர் போகிறது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலித்தது. ஊமை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். சுசீலாபாய் விளக்கைப் போட்டுப் போர்வையை மெதுவாக விலக்கினாள். விரல் சிவந்து, பளபளவென்று, தோல் இழுபட்டு நின்றது.

அவள் முகம் செத்துப்போயிற்று. தலையணையைச் சரி செய்கிற மாதிரி குனிந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்தாள்.

"என்னட்டி மோந்து பாக்குத?"

"ஒண்ணுமில்ல. நேத்து எங்க போனிய?"

"கடைக்கு."

"கடையில இருந்து?"

"நேரே வீட்டுக்கு."

சர்பத்துக் கடைக்குப் போனேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தின் பேர் நாக்கில் வரவில்லை. அவள் வெந்நீர் வைக்கப் போனாள். அன்று அவள் மட்டும் ஆராதனைக்குப் போனாள். அவர் எங்கே என்று கேட்டவர்களுக்கு, கால் சுளுக்கு என்று சொன்னாளாம்.

ஐந்தாறு நாள் கிடந்து, வீக்கம் வற்றி, தோல் உரிந்து, விரல் சரியானது. அடங்கியது என்று நினைத்திருக்க, மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு ஞாயிறு வந்தது. பிறகு இன்னொன்று. எல்லா ஞாயிறும் வரவில்லை. ஆனால் வந்தால் ஞாயிறு காலையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக வருகிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். குடிகாரனோடு குடும்பம் நடத்தின பெண் இதை எப்படிக் கணக்குப் போடுவாள்? நேசையனுக்கே அந்தக் கணக்கு புரிந்தது. புரிந்ததால்தான் அவர் சுகாதார நிலையத்துக்குத் தனியாகப் போனார்.

டாக்டர் ஸ்ரீப்ரியா சின்ன வயது. ரத்தம் பார்த்த சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யூரிக் ஆசிட் கூடுதலாணு. வாதம்தான் இது, கேட்டோ. குடி உண்டோ?"

"இல்ல டாக்டரே."

"சத்தியம் பறயணும். பீர்?"

"பன்னெண்டு வருஷமாச்சு, மோந்து பாத்ததுகூட இல்ல."

டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்கிற பார்வை.

"இறைச்சி?"

"கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும்."

"சாளை மீன்?"

"வாரத்துல ஒருநாளு."

"அதும் குறைக்கணும். இறைச்சியும் குடியும் ஒட்டும் வேண்டா. வெள்ளம் கூடுதல் குடிக்கணும்."

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி நேசையன் மறைத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவர் நினைவிலேயே வரவில்லை. அவர் கணக்கில் சூப்பு இறைச்சி இல்லை, மருந்து. என்ன மருந்து சாப்பிடுகிறீர் என்று டாக்டர் கேட்டிருந்தால் ஒருவேளை வாயில் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, நரம்புக் கோளாறு என்று சொன்னார். யூரிக் ஆசிட் என்ற வார்த்தையை வெளியே விடவில்லை. ஞானதாசுக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள். சுகாதார நிலையத்துக்குத் திரும்பப் போனால் டாக்டர் மறுபடி அந்தப் பார்வை பார்ப்பார். அதனால் போகவில்லை. வலி வந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கின வலி மாத்திரையைக் காலையும் மாலையும் விழுங்கினார். விழுங்கினால் தராசடியில் நிற்க முடிந்தது. ஆனால் காலையில் எழுந்தால் கண் ரெப்பை வீங்கியிருக்கும், முகம் ஊதியிருக்கும். பழைய குடிகார நேசையனின் முகம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

ஆறுமுகநயினார் கல்லாவில் இருந்தபடியே கேட்டார். திருநெல்வேலிக்காரர். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"என்னவே நேசையன், கால் ஒரு பக்கமும் ஆளு ஒரு பக்கமுமா வாரீரு? பழைய சிநேகிதன் திரும்பி வந்துட்டானோ?"

"இல்ல மொதலாளி. நரம்பு."

"நரம்பா? மூஞ்சில என்னவே, அதுவும் நரம்பா? பொய் சொன்னா நீரு மட்டும் சொல்லணும். உம்ம காலும் மூஞ்சியும் எதுக்குச் சாட்சி சொல்லுது?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நேசையனும் சிரித்துவைத்தார். அன்று சர்பத் மூன்று தம்ளர் குடித்தார்.

வீட்டில் சுசீலாபாய் வாய் திறக்கவில்லை. மோப்பம் மட்டும் பிடித்தாள். துவைக்கப் போடுகிற சட்டையை முகத்தில் அழுத்திப் பார்ப்பாள். குளிக்கப் போனால் பையைத் துழாவுவாள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவளுக்கு நிம்மதி இல்லை. மனுஷன் மறைப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டான் என்றுதான் தோன்றும். இவ்வளவு சந்தேகத்திலும் சனிக்கிழமைச் சூப்பை அவள் நிறுத்தவில்லை. வலியில் அவர் துடிப்பது அவளுக்குத் தாங்காது. வாரம் ஒன்று என்பதை, வலி அதிகமான மாதத்தில் புதன்கிழமையும் சேர்த்து இரண்டாக்கினாள். அந்த மாதம் அவர் ஒரு ஞாயிறுகூட எழுந்திருக்கவில்லை.

திருவிருந்து ஆராதனைக்கு முந்தின நாள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் உள்ளே வந்தபோது கையில் தம்ளர் வரவில்லை. சுசீலாபாய் அடுக்களை வாசலில் நின்றாள்.

"எங்க இருந்து வாறிய?"

"கடையில இருந்து."

"நேரேயா?"

"பின்ன?"

"அங்கன்வாடி டீச்சர் இசக்கிசெல்வி உங்களுக்க கடைப் பக்கம் சாலைச் சந்தைக்குப் போயிருந்தா. போன சனிக்கிழமையும் பாத்திருக்கா, இன்னிக்கும் பாத்திருக்கா. குடிகாரனுவ வரிசையில நிண்ணியளாம்."

நேசையன் கழற்றத் தொடங்கின சட்டைப் பொத்தானை மறுபடியும் போட்டார்.

"வரிசையில இல்லட்டி. பக்கத்துல சர்பத்துக் கடை. சர்பத்து குடிச்சேன்."

"சர்பத்து."

"ஆமா. நன்னாரி சர்பத்து. குடி விட்ட நாள்ல இருந்து குடிக்கேன்."

"பன்னெண்டு வருஷமா சொல்லாத சர்பத்து இன்னிக்கு எங்க இருந்து வந்துது?"

"நீ தப்பா நெனப்பேண்ணு சொல்லல்ல. கடைக்காரன்ட்ட வந்து கேளு."

"ஞானதாசும் இப்படித்தான். அவன்ட்ட கேளு இவன்ட்ட கேளுண்ணு ஊரு பூரா எனக்குச் சாட்சி காட்டினான். நான் ஒருத்தன்ட்டயும் கேக்கமாட்டேன். உங்களுக்க கால் சொல்லியாச்சு."

பை முன்பே கட்டிவைத்திருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கத் தெரியவில்லை. இறங்கினவள் திரும்பி நின்று சொன்னாள்.

"சூப்பு சட்டியில இருக்கு. சூடாக்கிக் குடியுங்க."

அவள் சொன்னாளே என்று அன்று முழுச் சட்டியையும் அவர் குடித்தார். விடியும்போது இரண்டு காலும் வீங்கிவிட்டன. ஒன்றுக்குப் போகக் கைகளால் தவழ்ந்து போனார்.

மூன்றாம் நாள் ஜினி கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா இங்க உண்டு. அழுது கரயினது நிக்கல்ல."

"மோளே, நான்..."

"எனக்கறியாம் அப்பா. நீங்க குடிக்க இல்ல. உங்களுக்க சத்தம் எனக்குத் தெரியும். குடிச்சா உங்களுக்கு மூணாவது வார்த்தைக்கு நாக்கு கொளறும். சின்னதுல இருந்து கேட்டதாணு. நான் அம்மாவுக்கு பறஞ்சு மனசிலாக்காம்."

நேசையன் போனைக் காதில் வைத்தபடியே அழுதார். உலகத்தில் ஒரு ஆள் நம்பினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

தனிக்கட்டைக்குச் சமையல் என்ன? கஞ்சி, பயறு, ஒரு சுட்ட அப்பளம். மீன் வாங்கப் போகவில்லை. சூப்பு வைக்க அவருக்குத் தெரியாது. சர்பத்துக் கடைப் பக்கம் தலை வைக்கவில்லை. எவன் பார்த்து எதைச் சொல்வானோ. தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். குடம் குடமாகக் குடித்தார். வீக்கம் வடிந்தது. ஒரு ஞாயிறு போனது, வலி இல்லை. இன்னொன்று போனது. இரண்டு மாதத்தில் அவர் செருப்புப் போட்டு நடந்து ஆராதனைக்குப் போனார்.

நடந்துபோனதுதான் வினையாயிற்று. இசக்கிசெல்வி பார்த்துவிட்டுச் சுசீலாபாய்க்குப் போனில் சொன்னாள். நீ இறங்கிப் போனதும் அடி உறைத்துவிட்டது, மனுஷன் குடியை விட்டுவிட்டார், காலை வீசி நடக்கிறார் என்று. வலி வந்தபோது வலி சாட்சி. வலி போனபோது அதுவும் சாட்சி. ஜினி இதை அவரிடம் சொன்னாள். குடிக்காமலே குடியை விட்ட மாதிரி கால் எப்படிச் சரியானது? அவருக்கே அது விளங்கவில்லை. விளங்காமல் விடக்கூடாது என்றுதான் மறுபடியும் டாக்டர் ஸ்ரீப்ரியாவிடம் போனார்.

இந்தத் தடவை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். மனைவி வீட்டில் இல்லாத இந்த மாதங்களில் என்னென்ன மாறியது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று. அவர் சொல்லச் சொல்ல, மருந்துச் சூப்பு என்று ஒன்று வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆட்டின்காலோ? எத்தர காலம்?"

"கால் வலி தொடங்கினதுல இருந்து. சனிக்கிழமை தோறும்."

"ஞான் இறைச்சி உண்டோந்நு கேட்டில்லே?"

"அது இறைச்சி இல்லியே டாக்டரே. மருந்தல்லியா."

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். ஒன்றால் மட்டும் வருகிற நோய் இல்லை இது. வயது ஒரு காரணம், மூத்திர மாத்திரை ஒரு காரணம், தண்ணீர் குடிக்காதது ஒன்று, பாகு ஊற்றின சர்பத் ஒன்று. இத்தனையும் சேர்ந்து நிரம்பிக் கிடந்த உடம்பில், எலும்பும் தசையும் வேகவைத்த சாற்றை ஊற்றினால் அது பெருவிரலில் போய்த்தான் உட்காரும். குடிக்காதவர்களுக்கும் வரும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பிறகு ரத்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது என்றார். பாதி வேலைதான் செய்கிறது, மெடிக்கல் காலேஜில் போய்க் காட்ட வேண்டும், வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

நேசையன் காதில் அந்தக் கடைசிச் சங்கதி சரியாக ஏறவே இல்லை. நான் குடிக்கவில்லை என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. அவர் கடைக்குக்கூடச் சொல்லாமல் நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடித்தார்.

ஜினி வீட்டு வராந்தாவில் சுசீலாபாய் முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகன் சிபி வேலைக்குப் போயிருந்தான். ஜினி சாயா போட எழுந்தாள். நேசையன் உட்காரக்கூட இல்லை.

"சுசீலா, நான் குடிக்க இல்ல. டாக்டர் கண்டுபிடிச்சாச்சு. எல்லாம் அந்தச் சூப்பாக்கும்."

"எந்தச் சூப்பு?"

"நீ வச்ச ஆட்டுக்கால் சூப்பு. எனக்க சீக்குக்கு அது ஆகவே ஆகாது. சனிக்கிழமை குடிச்சேன், ஞாயித்துக்கிழமை வீங்கினேன். நீ வந்த பெறவு சூப்பு இல்ல, வலி இல்ல. பாத்தியா?"

ஜினி கையைத் தட்டினாள். கண்ணில் தண்ணீர். "நான் பறஞ்சில்லே அம்மா! அப்பா குடிக்க இல்லண்ணு நான் பறஞ்சில்லே!"

சுசீலாபாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த சீக்குள்ள எல்லாருக்குமா ஆகாது?"

"எல்லாருக்குந்தான். விஷமாக்கும்."

விஷம் என்று டாக்டர் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அவராகச் சேர்த்துக்கொண்டது.

"ஞானதாசுக்கு நான் தெனமும்லா குடுத்தேன்." அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். "கடைசி மாசம் அவன் வேண்டாமக்கா வேண்டாமக்காண்ணு தலைய ஆட்டினான். கொழுப்பாக்கும்ணு நெனச்சேன். மூக்கப் பிடிச்சு ஊத்தினேன். ஊத்தின கையோட வீங்கும். குடிச்சிருக்கான்னு அவனை அடிக்கவும் செய்தேன்."

ஜினியின் சிரிப்பு அப்படியே நின்றது. சுசீலாபாயின் இரண்டு கையும் மடியில் மலர்ந்து கிடந்தன. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தன்னுடையது இல்லாத சாமானைப் பார்க்கிற மாதிரி.

நேசையனுக்கு அப்போதுதான் உறைத்தது, தன்னைக் கழுவிக்கொள்ளக் கொண்டுவந்த தண்ணீரை எங்கே கொட்டிவிட்டோம் என்று. ஞானதாஸ் குடித்துத்தான் செத்தான், சூப்பால் இல்லை என்று இப்போது ஆயிரம் தடவை சொல்லலாம். நம்பமாட்டாள். அவருடைய குற்றமற்ற தன்மையை ஒத்துக்கொண்டால், அவள் தம்பியைக் கொன்றவளாக மிச்ச நாளைத் தள்ள வேண்டும். இவளை அந்தப் பாரத்தோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதா?

"சும்மா சொன்னேன்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"டாக்டர் அப்படிச் சொல்லல்ல. உன்னக் கூட்டிட்டுப் போகணும்ணு நானாட்டு உண்டாக்கினது. சூப்புக்கும் சீக்குக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப?"

"குடிச்சேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை தோறும். கடை முடிஞ்சு. அந்த வரிசையிலதான் நிண்ணேன். நீ போன பெறவு விட்டுட்டேன்."

சுசீலாபாய் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வரவில்லை. முகத்தில் ரத்தம் திரும்பி ஊறியது, கை தானாக முறத்தை இழுத்துக்கொண்டது. கர்த்தாவே என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் பிறகு. "வாய் தொறந்து சொல்லியிருந்தா நான் ஏன் வாறேன் இங்க?"

"இனி எறச்சியும் எலும்பும் ஒண்ணும் வேண்டாம் எனக்கு. பொருத்தனை பண்ணியிருக்கேன்."

"செரி, நல்ல காரியம். இருங்க. பையை எடுத்துட்டு வாறேன்."

அவள் உள்ளே போனாள். புடவை மடிக்கிற சத்தம் கேட்டது. ஜினி தூணில் சாய்ந்து நின்றபடி இருந்தாள்.

"சிபிக்க அம்மா என்னைக் கேட்டாவ," என்றாள் தாழ்ந்த குரலில். "உனக்க அப்பன் குடியனாமேண்ணு. இந்த வீட்டுல வச்சு, வேதபுஸ்தகத்துல கை வச்சு, இல்லண்ணு சொன்னேன் நான்."

நேசையன் வாய் திறந்தார். உள்ளே புடவை மடிக்கிற சத்தம் நின்றிருந்தது. ஜினிக்கு இப்போது உண்மையைச் சொன்னால், இன்றில்லாவிட்டாலும் ஒருநாள், ஒரு சண்டையில், ஒரு கோபத்தில், அது சுசீலாபாயின் காதுக்குப் போகும். ஜினி வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் பறய வேண்டா," என்றாள் ஜினி. "உங்களுக்க சத்தத்த இனி எப்படி நம்புவேன்?"

சுசீலாபாய் பையோடு வந்தாள். ஜினி அவளிடம் மட்டும், பஸ்ஸுக்கு நேரமாயிட்டு அம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயா கேட்டால் போடுவாளோ என்னவோ, அவர் கேட்கவில்லை.

பஸ்ஸில் சுசீலாபாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். வீடு பெருக்காமல் கிடக்கும், சபையில் போதகரைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை, விழுந்தவன் எழுந்திருக்கிறதுதானே பெரிய காரியம் என்றெல்லாம். பாலராமபுரம் தாண்டும்போது, டாக்டர் வேறே என்ன சொன்னாவ என்று கேட்டாள்.

மெடிக்கல் காலேஜ் நினைவுக்கு வந்தது. பாதி வேலை செய்கிற சிறுநீரகம் நினைவுக்கு வந்தது. இனி அதைச் சொன்னால், அதுவும் குடித்ததால் வந்தது என்றுதான் ஆகும். ஆகட்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

"வேறே ஒண்ணும் சொல்லல்ல," என்றார் நேசையன். "தண்ணி நல்லாக் குடிக்கச் சொன்னாவ."